வெயிலில் கரையும் திரை, விரலில் பேசும் மோதிரம்

மார்பில் தொங்கும் சிறிய புரொஜெக்டர் ஒன்று சுவரிலோ தாளிலோ உள்ளங்கையிலோ ஒரு படத்தை வீழ்த்துகிறது. அதன் பக்கத்தில் இருக்கும் கெமரா, அணிந்திருப்பவரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விரல் நகர்ந்தால் படம் நகர்கிறது, இரு விரல்கள் விரிந்தால் படம் பெரிதாகிறது. அணியக்கூடிய மிகைமெய்மை எனப்படும் தொழில்நுட்பத்தின் ஒரு கிளை இது. மூக்குக்கண்ணாடிக்குள் உருவங்களைக் காட்டுவது இன்னொரு கிளை. இரண்டும் நாடுவது ஒன்றையே: ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் மீதே அதைப் பற்றிய தகவலைக் கொண்டுவந்து சேர்ப்பது, விசைப்பலகையும் தொடுதிரையும் இல்லாமல் கையசைவாலேயே கணினிக்குக் கட்டளையிடுவது.

புரொஜெக்டர் கிளையை உலகறியச் செய்தவர் பிரணவ் மிஸ்திரி. குஜராத்தின் பாலன்பூரில் 1981இல் பிறந்தவர், மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் படித்தவர். பின்னர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில், பேராசிரியை பட்டி மேஸின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். அங்கே அவர் உருவாக்கிய கருவிக்கு ‘சிக்ஸ்த் சென்ஸ்’ என்று பெயர். 2009 பெப்ரவரியில் டெட் மாநாட்டு மேடையில் பட்டி மேஸ் அதை அறிமுகம் செய்தார். அதே ஆண்டு நவம்பரில் மைசூரில் நடந்த டெட் இந்தியா மாநாட்டில் மிஸ்திரியே அதை இயக்கிக் காட்டினார். ஆரம்ப முயற்சி ஒன்றையும் அவர் அங்கே விவரித்தார்: பந்து உருளும் பழைய மவுஸ்கள் இரண்டைப் பிரித்து, உள்ளிருந்த நான்கு உருளைகளையும் நூலால் இணைத்து, கையசைவை அளக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார்.

சிக்ஸ்த் சென்ஸின் உறுப்புகள் கடையில் கிடைப்பவை. கைக்கடக்கமான புரொஜெக்டர், சிறிய கண்ணாடி, வெப் கெமரா, இவற்றோடு இணைந்து பையில் கிடக்கும் கணினி. மொத்தச் செலவு ஏறத்தாழ 350 டொலர். செய்து காட்டிய வேலைகள்தான் பார்த்தவர்களை மயக்கின. இரு கைகளின் பெருவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்துச் சட்டம்போலப் பிடித்தால் கெமரா படமெடுத்தது. மணிக்கட்டில் விரலால் வட்டம் வரைந்தால் கடிகாரம் தோன்றியது. உள்ளங்கையில் எண்பலகை விழுந்தது, அதைத் தட்டித் தொலைபேசி எடுக்க முடிந்தது. செய்தித்தாளின் படம் இருந்த இடத்தில் காணொளி ஓடியது. விமானச்சீட்டைக் கையில் எடுத்தால், விமானம் எவ்வளவு தாமதம் என்ற செய்தி அதன் மேலேயே எழுந்தது.

விரல்களைக் கெமரா இனம்கண்ட முறை மிக எளிமையானது. பெருவிரல், சுட்டுவிரல் நுனிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிற உறைகள் மாட்டப்பட்டன. மென்பொருள் ஒவ்வொரு காட்சியிலும் அந்த நான்கு நிறங்களை மட்டும் தேடி, அவை இருக்கும் புள்ளிகளைக் குறித்துக்கொண்டது. புள்ளிகள் வரையும் பாதையை, முன்பே சேமித்த வடிவங்களோடு ஒப்பிட்டால் சைகை தெரிந்துவிடும். இத்தகைய ஒப்பீட்டுக்கு 2007இல் வெளியான ‘ஒரு டொலர் இனங்காணி’ நல்ல உதாரணம். வரைந்த கோட்டை அது 64 புள்ளிகளாக்கிச் சுழற்றி, ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, மாதிரி வடிவத்தின் மீது வைத்து வித்தியாசத்தை அளக்கும். ஏறத்தாழ 100 வரி நிரலில் முடியும் வேலை. ஒரு சைகைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் 97 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுபிடித்தது என அதை உருவாக்கியவர்கள் அறிவித்தார்கள்.

நிறத்தை நம்பும் முறைக்கு அதற்குரிய பலவீனமும் உண்டு. சூழலில் அதே நிறம் வேறெங்கு இருந்தாலும் கருவி தடுமாறும். இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்க் கலியாண வீடுகளில் பெண்களின் விரல்நுனிகளும் உள்ளங்கைகளும் மருதோன்றியால் சிவந்திருக்கும். சிவப்பு உறையைத் தேடும் மென்பொருளுக்கு அந்த விரல்கள் அத்தனையும் குழப்பம் தரும். திரையாகப் பயன்படவேண்டிய உள்ளங்கையில் ஏற்கெனவே பூவும் கொடியும் இருந்தால், அதன் மேல் விழும் எண்பலகை தெளிவாகத் தெரியாது. உலகத்தையே திரையாகக் கொள்ளும் கருவி, அந்த உலகம் எங்கெல்லாம் என்னென்ன நிறத்தில் இருக்கிறது என்பதைக் கணக்கிலெடுத்தே ஆகவேண்டும்.

முன்னோடிகள்

மிஸ்திரிக்கு முன்பே இந்த வழியில் நடந்தவர்கள் பலர். 1968இல் ஐவன் சதர்லண்ட் தலையில் அணியும் முதல் கணினித் திரையைச் செய்தார். கூரையிலிருந்து ஒரு தாங்கியால் பிணைக்கவேண்டிய அளவுக்கு அது பாரமாக இருந்தது. 1970களில் மைரன் குரூகர், மனித நிழலுருவம் கணினிப் படங்களோடு உறவாடும் ‘வீடியோபிளேஸ்’ அறையை அமைத்தார். 1980இல் எம்.ஐ.டி.யின் ரிச்சர்ட் போல்ட், விரலால் சுட்டிக்காட்டி வாயால் ‘அதை அங்கே வை’ என்று சொன்னால் கணினி கேட்கும் முறையைக் காட்டினார். 1990களில் ஸ்டீவ் மான் கழுத்தில் தொங்கும் கெமராவும் புரொஜெக்டரும் அணிந்து நடமாடினார். சிக்ஸ்த் சென்ஸின் நேரடி முன்னோர் என்று அவரைத்தான் சொல்லவேண்டும்.

கைத்தறி ஊரான மருதமுனையின் வாசகருக்கு இவர்களைவிட நெருக்கமாகத் தோன்றக்கூடியவர் டொம் கோடெல். போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய அவர்தான் 1990இல் மிகைமெய்மை என்ற துறைக்குப் பெயர் வைத்தவர். அவர் தீர்க்க விரும்பிய சிக்கல் மின்கம்பிகளைப் பற்றியது. ஒரு விமானத்துக்குரிய கம்பிக் கட்டுகளைத் தொழிலாளர்கள் பெரிய பலகைகளின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பி அடுக்குவார்கள். எந்தக் கம்பி எந்த வழியே போகவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் வரைபடத்தைப் பார்க்கவேண்டும். அந்த வழியைப் பலகையின் மேலேயே தெரியச் செய்தால், கையும் கண்ணும் வேலையிலிருந்து விலகவேண்டியதில்லை.

கைத்தறியில் பாவு நூல்களை விழுதிலும் அச்சிலும் கோக்கும்போது எழுவதும் இதே வகைச் சிக்கல்தான். நூற்றுக்கணக்கான நூல்களில் ஒன்று இடம் மாறினாலும் அந்தப் பிழை சாரனின் முழு நீளத்துக்கும் ஓடும். அடுத்து எந்த நிற நூல், எந்தக் கண்ணுக்குள் என்பதை ஒரு ஒளிப்புள்ளி காட்டிக்கொடுத்தால் புதிதாகப் பழகுபவருக்கு அது பெரிய துணை. தறி ஓரிடத்தில் நிற்கிறது, தறிவீட்டுக்குள் நேர் வெயில் இல்லை, நெய்பவரின் இரு கைகளும் ஓய்வில்லாமல் இருக்கின்றன. ஒளிவீழ்த்தும் முறைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. அங்கே கருவியை உடலில் அணியவும் வேண்டாம், வளையில் கட்டித் தொங்கவிட்டாலே போதும். 1991இல் கேம்பிரிட்ஜில் பியர் வெல்னர் உருவாக்கிய ‘டிஜிட்டல் டெஸ்க்’ இப்படி மேலிருந்து மேசைமேல் ஒளி வீழ்த்தியே இயங்கியது.

ஒளியின் கணக்கு

சிக்ஸ்த் சென்ஸ் ஏன் கடைக்கு வரவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. காரணங்கள் பல. முதன்மையானது ஒளி.

கைக்கடக்கமான புரொஜெக்டர் ஒன்று வெளியிடும் ஒளி அக்காலத்தில் 10 முதல் 15 லூமென் வரைதான் இருந்தது. 12 லூமெனை ஒரு ஏ4 தாளின் பரப்பில் விரித்தால் வெளிச்சம் ஏறத்தாழ 190 லக்ஸ். விளக்கு எரியும் ஒரு அலுவலகத்தில் மேசைமேல் ஏற்கெனவே 300 முதல் 500 லக்ஸ் விழுந்துகொண்டிருக்கும். ஆகவே அறைக்குள்ளேயே படம் வெளிறிப்போகிறது. அதே ஒளியை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கினால் 2,000 லக்ஸுக்குக் கிட்டவரும், அறைக்குள் அது தாராளம். வெளியே வந்தால் கதை வேறு. நண்பகல் நேர் வெயில் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ். கல்முனை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரலிலும், ஓகஸ்ட் முடிந்து செப்டெம்பர் தொடங்கும் நாட்களிலும் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் கடற்கரை வீதியில் நின்று உள்ளங்கையில் எண்பலகை வீழ்த்துவது, நடுப்பகலில் குப்பி விளக்கை ஏற்றிவைப்பதைப் போன்றது.

ஒளி விழும் பரப்பும் முக்கியம். கறுத்த பரப்பு ஒளியை விழுங்கும், வெளிறிய பரப்பு திருப்பித் தரும். தோலின் நிறம் எதுவாக இருந்தாலும் உள்ளங்கையில் மெலனின் குறைவு. அதனால் தென்னாசியர்களின் முன்கையைவிட உள்ளங்கையே நல்ல திரை. செய்துகாட்டிய கருவிகள் பெரும்பாலும் உள்ளங்கையை நாடியதற்கு, அது கண்ணுக்கு நேராகத் தூக்க வசதியானது என்பதோடு இதுவும் சேர்கிறது.

வெயில் கெமராவையும் விடவில்லை. 2010 நவம்பரில் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட கினெக்ட், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தூவி, அவை இடம் மாறித் தெரியும் விதத்திலிருந்து தூரத்தை அளந்தது. முதல் 60 நாட்களில் 80 இலட்சம் கருவிகள் விற்றன. உடலசைவால் கணினியை இயக்கலாம் என்பதைச் சாதாரண வீடுகளுக்குக் கொண்டுபோனது அதுதான். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு நிறைந்திருப்பதால், வெளியில் கினெக்டின் புள்ளிகள் மூழ்கிப்போயின. இதே ஆழங்காணும் கெமரா நுட்பத்தைத் தோளில் ஏற்றி, 2011இல் கிறிஸ் ஹாரிசனும் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்களும் ‘ஒம்னிடச்’ கருவியைச் செய்தார்கள். நிற உறைகள் தேவைப்படவில்லை. விரல் கையைத் தொடுகிறதா, மேலே மிதக்கிறதா என்பதையும் அது கண்டறிந்தது. சிக்ஸ்த் சென்ஸால் செய்ய முடியாதிருந்த வேலை அது.

சிக்ஸ்த் சென்ஸுக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் ஒளியின் கணக்கு மாறவில்லை. அப்பிள் நிறுவனத்தில் இருந்து விலகிய இம்ரான் சௌத்ரியும் பெத்தனி பொன்ஜோர்னோவும் தொடங்கிய ஹியூமேன் நிறுவனம், சட்டையில் பொருத்தும் ‘ஏ.ஐ. பின்’ கருவியை 2024 ஏப்ரலில் 699 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. மாதச் சந்தா 24 டொலர். பச்சை லேசர் ஒளியால் உள்ளங்கையில் எழுத்தை வீழ்த்தி, கையைச் சாய்த்தும் விரல்களைச் சேர்த்தும் தெரிவுசெய்யும் முறை அதில் இருந்தது. வெயிலில் எழுத்து தெரியவில்லை, கருவி சூடாகிறது, பதில் வரத் தாமதமாகிறது என்று மதிப்புரைகள் எழுதின. 2025 பெப்ரவரியில் ஹியூமேனின் உடைமைகளை எச்.பி. நிறுவனம் 116 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அம்மாதம் 28ஆம் திகதியோடு விற்ற கருவிகளின் சேவையும் நின்றுபோனது. மிஸ்திரியோ 2012இலேயே சம்சுங் நிறுவனத்தில் சேர்ந்து, 2013இல் வந்த கலக்ஸி கியர் கைக்கடிகாரத்தின் பக்கம் போய்விட்டார்.

கையின் கணக்கு

ஒளி தோற்ற இடத்தில் கை வென்றிருக்கிறது. நிற உறை, ஆழக் கெமரா இரண்டும் இல்லாமல், சாதாரணக் கெமரா ஒன்றின் காட்சியிலிருந்தே கையின் 21 புள்ளிகளை நொடிக்குப் பலமுறை கண்டறியும் மென்பொருளைக் கூகுள் 2019இல் இலவசமாகத் திறந்துவிட்டது. அது கைத்தொலைபேசியிலேயே ஓடும். மணிக்கட்டு, ஒவ்வொரு விரலின் மூட்டுகள், நுனிகள் என்று எல்லாம் அதற்குத் தெரியும். நிறத்தை அது நம்புவதில்லை, மருதோன்றிக் கையானாலும் கையின் வடிவத்தையே தேடும். 2009இல் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்குரியதாக இருந்த வேலையை, இன்று ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மடிக்கணினியும் வெப் கெமராவும் வைத்துக்கொண்டு செய்துபார்க்கலாம்.

கையைக் கெமராவால் மட்டும்தான் அறியவேண்டும் என்பதும் இல்லை. கூகுள் தன் பிக்சல் 4 கைத்தொலைபேசியில் 60 கிகாஹேர்ட்ஸ் ரேடார் ஒன்றை வைத்தது, திரைக்கு மேலே கையை வீசினால் பாட்டு மாறும். இந்தியாவில் அந்த அலைவரிசைக்கு அனுமதி இல்லாததால், 2019இல் அந்தத் தொலைபேசி அங்கே விற்பனைக்கே வரவில்லை. ஒரு சைகை ஒரு நாட்டின் வானொலி அலைச் சட்டத்தில் சிக்கிக்கொண்ட விந்தை அது. இப்போது மெட்டா நிறுவனம் வேறு வழியில் போகிறது. 2025 செப்டெம்பரில் 799 டொலருக்கு வெளியான அதன் திரைக்கண்ணாடியோடு ஒரு கைப்பட்டியும் வருகிறது. தசைகளில் ஓடும் நுண்ணிய மின்சமிக்ஞைகளை மணிக்கட்டிலேயே அளப்பதால், கையைத் தொங்கவிட்டபடி விரலைச் சற்று நெருடினாலே போதும்.

இந்தப் போக்குக்குக் காரணம் உண்டு. அந்தரத்தில் உயர்த்திய கை சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். திரையில் பார்க்கையில் அழகாகத் தெரியும் விரிந்த சைகைகளை நாள் முழுவதும் செய்ய எந்தத் தோளாலும் முடியாது. சந்தையில், பஸ்ஸில், பள்ளிவாசல் முற்றத்தில் அப்படிக் கைவீச யாருக்கும் மனமும் வராது. சின்னதாக, பிறர் கண்ணுக்குப் படாததாக, உடலோடு ஒட்டியதாகச் சைகை சுருங்கவேண்டியிருந்தது.

விரலில் ஒரு மோதிரம்

சுருங்கிய சைகையின் மிக அழகான வடிவத்தைச் செய்தவர் ஓர் இலங்கையர். சுரங்க நாணயக்கார சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அந்த ஆய்வின்போது அவர் செய்தது, இசையை அதிர்வாக உடலில் உணரச் செய்யும் நாற்காலி. மொரட்டுவையில் உள்ள டொக்டர் ரெயின்ஜஸ் செவிப்புலனற்றோர் பாடசாலை மாணவர்கள் அதில் அமர்ந்து இசையை உணர்ந்தார்கள். பின்னர் பட்டி மேஸின் அதே குழுவில் பணியாற்றி, 2011இல் சிங்கப்பூரில் தமது ஆய்வகத்தைத் தொடங்கினார். அது பின்னர் நியூசிலாந்தின் ஒக்லாந்துக்குப் போய், மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தது.

‘ஐரிங்’ என்ற அவரது கருவி சுட்டுவிரலில் அணியும் மோதிரம். அதில் ஒரு நுண்கெமராவும் ஒரு பொத்தானும் உண்டு. ஒரு பொருளைச் சுட்டி, பொத்தானை அழுத்தினால், படம் கைத்தொலைபேசிக்குப் போய், அது என்ன நிறம், எவ்வளவு பெறுமதியுள்ள நாணயத்தாள் என்பதைக் குரலில் சொல்லும். அடுத்து வந்த ‘ஃபிங்கர் ரீடர்’, ரோய் ஷில்க்ரொட் முதலியவர்களோடு சேர்ந்து செய்தது, 2014இலும் 2015இலும் ஆய்வு மாநாடுகளில் வெளியானது. அச்சிட்ட வரியின்மேல் விரலை நகர்த்தினால் சொற்களை ஒவ்வொன்றாக வாசிக்கும். விரல் வரியைவிட்டு விலகினால் மோதிரம் அதிர்ந்து திருப்பும். புரொஜெக்டர் இல்லை, திரை இல்லை. பார்வை இல்லாதவருக்காகச் செய்ததால், ஒளியோடு போராடவேண்டிய தேவையே அதற்கு எழவில்லை. மிகைமெய்மையின் இத்தனை ஆண்டு முயற்சிகளில் இந்த மோதிரத்தைத் தனியாக எடுத்துப் பேசவேண்டியதற்குக் காரணம் இதுதான். வித்தை காட்டும் ஆசையை விட்டு, தேவையிலிருந்து தொடங்கியது அது.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பார்ப்பதில் சிரமம் உண்டெனக் கூறியிருந்தார்கள். நமது நாணயத்தாள்களில் 2011இல் வெளியான தொடர், பெறுமதிக்கேற்ப நீளம் மாறியும் தடவி அறியும் புள்ளிகளோடும் அச்சிடப்பட்டது. அது ஓரளவு உதவும். மருந்துப் போத்தலின் மேல் ஒட்டிய தாள், பஸ்ஸின் பெயர்ப்பலகை, வங்கிப் படிவம் ஆகியவற்றைத் தடவி அறிய வழியில்லை.

அம்பாறைக் கரையில் இந்தத் தேவை பார்வை உள்ளவருக்கும் உண்டு. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் மக்கள் தமிழில் வாழ்கிறார்கள். மாவட்டச் செயலகமோ சிங்களம் புழங்கும் அம்பாறை நகரில். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் சிங்களத்தில் மட்டும் எழுதிய கடிதமோ ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய மருந்துச் சீட்டோ கைக்கு வரும்போது, வாசித்துச் சொல்ல ஒருவரைத் தேடிப்போகும் வாப்பாமாரும் உம்மாமாரும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கடிதத்தின் மேல் விரலை வைத்தால் காதில் தமிழ் கேட்கவேண்டும். இந்தக் கரைக்கு மிகைமெய்மை தரக்கூடிய மிகப் பெரிய உதவி அதுவே.

அதற்குத் தேவையான துண்டுகள் பல ஏற்கெனவே உண்டு. தமிழ், சிங்கள எழுத்துகளைப் படத்திலிருந்து இனங்காணும் டெசரக்ட் என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. இரு மொழிக்கும் இடையிலான இயந்திர மொழிபெயர்ப்பும் தமிழ்க் குரலும் கைத்தொலைபேசியில் கிடைக்கின்றன. குறைகள் இருப்பது அவற்றின் தரத்தில். அச்செழுத்தை ஓரளவு வாசிக்கும் மென்பொருள் கையெழுத்தில் தடுமாறுகிறது. உருண்ட போத்தலில் வளைந்து ஓடும் எழுத்திலும், நிழல் விழுந்த கசங்கிய தாளிலும் பிழைகள் பெருகுகின்றன. தமிழில் ஒரு கொம்போ புள்ளியோ தவறினால் சொல்லே மாறிவிடும், மருந்தின் அளவைப் படிக்கையில் அது ஆபத்து. குரலும் பெரும்பாலும் தமிழகத்து வாசிப்பாகவே இருக்கிறது.

கெமரா அணிந்தவர் தன்னை மட்டும் பாதிப்பதில்லை, எதிரே இருப்பவரையும் பாதிக்கிறார். 2013இல் கூகுள் கிளாஸ் வந்தபோது அமெரிக்காவில் சில மதுக்கடைகளும் உணவகங்களும் அதை அணிந்து வரக்கூடாதென்று பலகை வைத்தன. கலியாண வீட்டில் பெண்கள் பகுதியில் படமெடுப்பதை விரும்பாத குடும்பங்கள் இந்த ஊர்களில் நிறைய. மார்பில் எப்போதும் திறந்திருக்கும் கெமராவை அவர்கள் ஏற்கமாட்டார்கள், ஏற்கவேண்டியதும் இல்லை. மோதிரம் இங்கும் ஒரு படி மேல். பொத்தானை அழுத்தினால்தான் அது பார்க்கும், விரல் சுட்டும் பக்கம் மட்டும் பார்க்கும். எதைப் பார்க்கிறது என்பது அருகில் நிற்பவருக்கும் தெரியும். படம் கைத்தொலைபேசிக்குள்ளேயே ஆராயப்பட்டு அழிகிறதா, வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் போகிறதா என்பதே மிஞ்சும் கேள்வி. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் தரவைச் சேகரித்துக் கையாளும் நிறுவனங்களுக்குக் கடமைகளை வகுத்திருக்கிறது. நோயாளியின் மருந்துச் சீட்டைப் படமெடுத்து எங்கோ அனுப்பும் சேவை எதுவும் அந்தக் கடமைகளுக்கு வெளியே நிற்கக்கூடாது.